மீட்டர் பாதையில் ஒரு நாள் மதுரை

காலையில் ஊரைவிட்டுப் புறப்பட்டு, மீனாட்சியம்மனைத் தரிசித்துக் கடைத்தெருவையும் சுற்றிப்பார்த்து, இரவுக்குள் வீடு திரும்பிவிடும் வழக்கம் மதுரையைச் சூழ்ந்த சமவெளி மக்களிடையே இன்று இயல்பாகிவிட்டமையால், அது தொன்றுதொட்டு வந்ததுபோலத் தோன்றலாம். உண்மையில் அது இருப்புப்பாதையோடு வந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை திண்டுக்கல்லிலிருந்தோ மானாமதுரையிலிருந்தோ மதுரைக்கு வருவதென்றால், நடந்தோ மாட்டுவண்டி கட்டியோ வந்து, வழியில் சாவடிகளிலும் சத்திரங்களிலும் இரவைக் கழித்து, போக வரச் சில நாட்களைச் செலவிட வேண்டியிருந்தது. சத்திரம் என்பது வழிப்போக்கர் தங்கிச் செல்வதற்கென அரசரும் வணிகரும் அறமாகக் கட்டிவைத்த விடுதி. அத்தனை நாள் வேலையை விட்டுவர உழுகுடிகளுக்கு இயலாது என்பதால், மதுரைப் பயணம் சித்திரைத் திருவிழாவுக்கும் நேர்த்திக்கடனுக்கும் உரியதாகவே பெரும்பாலும் இருந்தது.

குறைந்த செலவில், ஒரே பகலில் நகரைப் பார்த்துத் திரும்புவது எவ்வாறு கைகூடியது, எப்போதெல்லாம் தடைப்பட்டது, அதனால் பயன்பெற்றோர் யார் என்று ஆராயும்போது, மதுரையின் போக்குவரத்தை நகரில் குடியிருப்போருக்கு இணையாக, அங்கு ஒரு பகலை மட்டும் கழித்துச் செல்வோரும் உருவாக்கிவந்துள்ளனர் என்பது புலப்படுகிறது.

சிக்கனத்தில் பிறந்த பாதை

தமிழகத்தின் தென்பகுதிக்கு வந்த முதல் இருப்புப்பாதை அகலப் பாதையாகவே அமைந்தது. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிராப்பள்ளி வரை 1862இல் நிறைவடைந்த அப்பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையிலான அகலம் 1,676 மில்லிமீட்டர். ஆனால் 1870இல் மேயோ பிரபுவின் தலைமையிலிருந்த இந்திய அரசு, பாதை போடும் செலவைக் குறைக்கும் பொருட்டு, புதிய பாதைகள் பலவற்றைச் சரியாக ஒரு மீட்டர் அகலத்தில் அமைக்க முடிவுசெய்தது. மீட்டர் கேஜ் எனப்படும் இவ்வகைப் பாதைக்கு எடை குறைந்த தண்டவாளமும் சிறிய பாலமும் போதும். வளைவுகளையும் நெருக்கமாக அமைக்கலாம். அடியும் அங்குலமும் ஆண்ட காலத்தில் மீட்டர் அளவு தெரிவுசெய்யப்பட்டதற்கு, இந்தியாவில் மெட்ரிக் அளவுமுறையைக் கொண்டுவர அப்போதைய அரசு எண்ணியிருந்ததே காரணம். அந்த எண்ணம் பிறகு கைவிடப்பட்டாலும் பாதை நிலைத்துவிட்டது.

1874இல் உருவான தென்னிந்திய ரயில்வே நிறுவனம் திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு 1875இலும், மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876இன் முதல் நாளிலும் மீட்டர் பாதையில் வண்டிகளை ஓட்டத் தொடங்கியது. நாகப்பட்டினத்துப் பழைய அகலப் பாதையும் அதே பத்தாண்டில் மீட்டர் பாதையாகச் சுருக்கப்பட்டது. பருத்தியையும் தானியத்தையும் தூத்துக்குடித் துறைமுகத்தோடு இணைப்பதே நிறுவனத்தின் முதல் நோக்கம். பாதை திறந்த அதே ஆண்டில் தொடங்கிய பெரும் பஞ்சத்தின்போது வண்டிகள் தானிய மூட்டைகளைச் சுமந்தனவே தவிர, உல்லாசப் பயணிகளை அல்ல. பயணிகளுக்கான காலம் அதற்குச் சற்றுப் பின்னரே வந்தது. 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர் வாடிப்பட்டி, மேலூர்ப் பகுதி வயல்களுக்குப் பாயத் தொடங்கிய பிறகு, அறுவடை முடிந்த தை, மாசி மாதங்களில் கையில் சிறிது பணம் புழங்கும் குடியானவர் கூட்டம் ஒன்று நகரைச் சுற்றி உருவானது. மதுரை நிலையத்துக்கு அருகிலேயே 1890களில் இயங்கத் தொடங்கிய ஹார்வி நூற்பாலை, மணி அடித்தால் வேலைக்கு வந்து விடுமுறை நாளில் ஓய்வெடுக்கும் தொழிலாளர் கூட்டத்தை உருவாக்கியது. ஒரு நாளை மட்டும் ஒதுக்கிச் சிறிய தொகையில் சென்றுவர விரும்பியவர்கள் இவ்விரு சாராருமே.

நிலையத்தின் வாசலில் நகரம்

பயணச்சீட்டு மலிவாக இருந்தால் மட்டும் பயணம் மலிவாகிவிடாது. நிலையத்தில் இறங்கிய பிறகு வண்டிக் கூலியும் தங்குமிடமும் கேட்கும் பணமே ஏழையின் கணக்கைக் குலைப்பது. மதுரையில் இந்த இரு செலவுகளும் ஏறக்குறைய இல்லாமற்போனதற்கு, ரயில் வருவதற்கு முன்பே நடந்த இரண்டு செயல்கள் காரணமாயின.

முதலாவது, 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆட்சியர் ஜான் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டையின் மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து, அவ்விடத்தில் வெளி வீதிகளை அமைத்தது. கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று சதுரம் சதுரமாக விரியும் வீதிகளுக்கு வெளிச்சுற்றாக இந்த வெளி வீதிகள் அமைந்தன. மதில் இருந்திருப்பின் ரயில் நிலையம் நகரிலிருந்து ஒதுங்கியே நின்றிருக்கக்கூடும். மதில் அகன்றதால் அது மேல வெளி வீதியை ஒட்டியே அமைய முடிந்தது. நிலையத்திலிருந்து கிழக்கே டவுன் ஹால் சாலை வழியாக ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நடந்தால் கோயிலின் மேற்குக் கோபுரம். குழந்தையை இடுப்பிலும் கட்டுச்சோற்று மூட்டையைத் தலையிலும் வைத்து நடப்பவருக்குக்கூட அது கால் மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான தூரம்.

இரண்டாவது, நிலையத்துக்கு நேர் எதிரே ராணி மங்கம்மாளின் பெயரால் வழங்கும் சத்திரம். 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட மங்கம்மாள் சாலைகளுக்கும் அன்ன சத்திரங்களுக்கும் பெயர் பெற்றவர். கால்நடைப் பயணிகளுக்காகக் கட்டப்பட்ட இந்தச் சத்திரம் ரயில் யுகத்தில் புதிய பயனைப் பெற்றது: இரவு வண்டியில் வந்திறங்கியவர் விடியும்வரை படுத்திருக்கவும், குளித்து உடை மாற்றவும், மூட்டையை வைத்துவிட்டுக் கோயிலுக்குச் செல்லவும் அது இடமளித்தது. நாயக்கர் காலத்து அறக்கட்டளையும் ஆங்கிலேயர் காலத்து வணிக நிறுவனமும் ஒரே தெருவின் இருபுறமும் நின்று, தமக்குள் எந்த உடன்படிக்கையும் இல்லாமலே, ஒரு நாள் பயணத்தைச் சிக்கனமாக்கின.

மூன்றாம் வகுப்பின் மக்கள்

தென்னிந்திய ரயில்வேயின் வழியில் சிதம்பரம், தஞ்சாவூர், திருவரங்கம், மதுரை, இராமேசுவரம் எனப் பெருங்கோயில்கள் தொடர்ந்து வந்தமையால், அதன் பயணிகளில் மிகப் பெரும்பான்மையினர் மூன்றாம் வகுப்பில் சென்ற எளியோராகவும், அவர்களில் பலர் கோயில்களுக்குச் செல்வோராகவும் இருந்தனர். மூன்றாம் வகுப்பு என்பது மரப்பலகை இருக்கைகளும் நெரிசலும் கொண்ட, ஆகக் குறைந்த கட்டணப் பெட்டி. 1974இல்தான் அந்தப் பெயர் நீங்கி, அது இரண்டாம் வகுப்போடு இணைந்தது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் வெளியான தென்னிந்திய ரயில்வேயின் படவிளக்கக் கையேடு, ஒவ்வொரு நிலையத்துக்கும் சில நிலையான தலைப்புகளின்கீழ் செய்தி தந்தது: தங்க எந்தச் சத்திரம் உண்டு, ஜட்கா என்னும் ஒற்றைக் குதிரை வண்டியும் மாட்டுவண்டியும் கிடைக்குமா, ஊரின் கைத்தொழில் என்ன, திருவிழாவும் சந்தையும் எப்போது, பார்க்கத்தக்கவை யாவை. ஒருவர் தம் ஒரு நாளையும் கைப்பணத்தையும் எவ்வாறு பங்கிடுவது என்பதற்குத் தேவையான விவரங்கள் ஏறக்குறைய அனைத்தும் இத்தலைப்புகளில் அடங்கிவிட்டன. அக்கையேட்டை மூன்றாம் வகுப்புப் பயணி படித்திருக்க வாய்ப்பில்லை. அவருக்கு அதே செய்தியைச் சென்று வந்த உறவினர் வாய்மொழியாகச் சொன்னார்.

அப்பயணி கையில் வைத்திருந்தது ஒரு சிறிய அட்டை. இரண்டு விரல் அளவே உள்ள தடித்த அட்டையில் புறப்படும் ஊரும் சேரும் ஊரும் வகுப்பும் கட்டணமும் முன்னரே அச்சிடப்பட்டிருக்கும். அலமாரி அறைகளில் ஊர்வாரியாக அடுக்கப்பட்ட அவற்றில் ஒன்றை உருவி, எழுத்தர் மேசைமீதுள்ள சிறு எந்திரத்தில் செருகி இழுத்தவுடன் தேதி பதிந்துவிடும். எட்மண்ட்சன் என்னும் ஆங்கில ரயில் ஊழியர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருவாக்கிய இந்த முறை, கணினிச் சீட்டு வரும்வரை மதுரையிலும் நீடித்தது. போக வரச் சேர்த்து எடுத்த அட்டையின் ஒரு பாதியை வந்திறங்கியதும் பரிசோதகர் கிழித்துக்கொள்வார். மறுபாதியை முந்தானை முடிச்சில் பத்திரப்படுத்தினால் வீடு திரும்புவது உறுதி.

ரயில் பெட்டி கட்டணத்தால் மக்களைப் பிரித்ததேயன்றிச் சாதியால் பிரிக்கவில்லை. சீட்டுக்குப் பணம் கொடுத்த எவரும் ஒரே பலகையில் அமர்ந்து மதுரைக்கு வர முடிந்தது. ஆனால் வந்தவர் எல்லோரும் கோயிலுக்குள் நுழைய முடியவில்லை. 1939 சூலை 8ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயரின் தலைமையில், பின்னாளில் அமைச்சரான பூ. கக்கன் உள்ளிட்டோர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழையும்வரை, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மதுரைப் பயணம் கோபுர வாசலோடு முடிந்தது. பாதை திறந்து 64 ஆண்டுகள் கழித்தே வாசல் திறந்தது என்பது, மலிவான பயணம் எதைச் செய்ய வல்லது, எதைச் செய்ய இயலாதது என்பதை எடுத்துக்காட்டுகிறது.

மூன்றாம் வகுப்பின் வறுமை அரசியலையும் தொட்டது. 1921 செப்டம்பரில் மதுரைக்கு ரயிலில் வந்த காந்தி, அயல்நாட்டுத் துணி உடுத்தியிருந்த சக பயணிகளிடம் கதர் அணியுமாறு கேட்டபோது, அதை வாங்கத் தம்மிடம் வசதியில்லை என்று அவர்கள் கூறியதைப் பின்னர் பதிவுசெய்துள்ளார். அப்பதில் அவர் மனத்தில் தைத்தது. அம்மாதம் 22ஆம் நாள் மேல மாசி வீதி வீடொன்றிலிருந்து அவர் இடுப்பில் ஒரு துண்டு மட்டும் உடுத்தி வெளியே வந்தார்.

கிளைப் பாதைகள்

மதுரையிலிருந்து மண்டபத்துக்கு 1902இலும், பாம்பன் பாலத்தின் வழியாகக் கடலைக் கடந்து இராமேசுவரம் தீவுக்கு 1914இலும் வண்டிகள் ஓடத் தொடங்கின. விருதுநகர்–தென்காசிப் பாதை 1927இல் வந்ததும் சாரல் காலத்தில் குற்றாலம் மதுரைக்காரரின் கைக்கெட்டியது. இவ்வாறு பயணம் இரு திசையிலும் நிகழ்ந்தது: சமவெளி மக்கள் நகருக்கு வந்ததுபோல, நகர மக்கள் அமாவாசைத் தீர்த்தத்துக்கும் அருவிக்கும் சென்றனர். மிகச் சிறிய பயணமும் உண்டு. தூத்துக்குடிப் பாதையில் மதுரைக்கு அடுத்த நிறுத்தமான திருப்பரங்குன்றம் சில கிலோமீட்டர் தொலைவே என்பதால், அரை நாளில் முருகனைக் கண்டு மலையைச் சுற்றிவர முடிந்தது.

இவற்றுள் ஒரு நாள் பயணத்தோடு மிக நெருங்கிய உறவு கொண்டது போடிநாயக்கனூர்க் கிளைப் பாதை. 1928இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதை மதுரையிலிருந்து மேற்கே வடபழஞ்சி, உசிலம்பட்டி வழியாகச் சென்று, ஆண்டிபட்டிக் கணவாயில் குன்றுகளுக்கு இடையே வளைந்து தேனிப் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. ஏலக்காயும் காப்பியும் பருத்தியும் அதன் சரக்குகள். மூணாற்றுத் தேயிலையும் மலையுச்சியிலிருந்து கம்பிவழித் தொட்டிகளில் கொட்டகுடிக்கு இறங்கிப் போடிக்கு வந்துகொண்டிருந்தது. அந்த மலையில் ஓடிய குண்டலைப் பள்ளத்தாக்குச் சிறுரயில் 1924 வெள்ளத்தில் அழிந்துபோயிருந்தது. எனினும் கிளைப் பாதையின் பயணிகள் பெட்டியில் அமர்ந்தவர் தோட்ட முதலாளிகள் அல்லர். காலை வண்டியில் மதுரைக்குப் பூவும் காய்கறியும் கொண்டுவந்து விற்று மாலை வண்டியில் திரும்பியவர்களும், மாதத்துக்கு ஒருமுறை பணம் கட்டிப் பருவச்சீட்டு எடுத்த மாணவர்களும் கூலித் தொழிலாளரும், நகரைப் பார்க்க வந்த குடும்பங்களும் அதில் கலந்து வந்தனர். வியாபாரத்துக்கு வந்தவர் கோயிலுக்கும், கோயிலுக்கு வந்தவர் சந்தைக்கும் செல்வது இப்பாதையில் இயல்பாக நடந்தது.

நடை சாத்தும் நேரம்

வந்தவரின் பகலை வகுத்தது கோயிலின் நடைமுறை. நண்பகலுக்குப் பின் நடை சாத்தி மாலை 4 மணியளவில் திறப்பது வழக்கம் என்பதால், காலை வண்டியில் வந்தவர் முதலில் தரிசனத்தை முடித்துக்கொள்வார். தவறினால் மாலைவரை காத்திருக்க வேண்டும். வெயில் உச்சியில் நிற்கும் அந்த இடைவேளையைப் பணம் அதிகம் செலவாகாமல் கழிப்பதற்கான இடங்கள் கோயிலைச் சுற்றியே இருந்தன. கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தின் கல் தூண்களுக்கிடையே தையற்காரரும் வளையற்காரரும் பாத்திரக்காரரும் கடை விரித்திருந்தனர். வாங்காதவரும் நிழலில் நடந்து பார்க்கலாம். தெற்கே 1636இல் அவர் கட்டிய மகாலும், கிழக்கே 1645இல் அவர் வெட்டிய வண்டியூர்த் தெப்பக்குளமும் நடந்தே சென்றடையும் தூரத்தில் இருந்தன. 1959இல் நேரு திறந்துவைத்த காந்தி நினைவு அருங்காட்சியகம், வைகைக்கு வடக்கே தமுக்கம் அரண்மனையில் கட்டணமின்றிப் பார்க்கக் கிடைத்தது.

அந்த இடைவேளைக்குத் திரைப்படமும் வந்து சேர்ந்தது. 1952 தீபாவளியன்று பராசக்தி படத்தோடு தொடங்கிய தங்கம் தியேட்டர், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகளுடன் ஆசியாவிலேயே பெரியவற்றுள் ஒன்றாகப் பேசப்பட்டது. ரயில் நிலையத்திலிருந்து அது சில நிமிட நடைதான். தரை டிக்கெட்டில் பகல் காட்சி, வெளியே வந்து ஒரு குவளை பருத்திப்பால் அல்லது ஜிகர்தண்டா, மாலைத் தரிசனம், இரவு வண்டி என்று ஒரு நாளின் நிரல் படிந்துவிட்டது. கட்டுச்சோறு கொண்டுவந்த குடும்பத்துக்கு ரயில் கட்டணத்துக்கு அடுத்த பெரிய செலவு பெரும்பாலும் வளையலும் சினிமாவுமாகவே இருந்தன.

பாதை பெயர்ந்த காலங்கள்

இந்த ஏற்பாடு இரண்டு முறை அறுபட்டது. இரண்டாம் உலகப்போரின்போது இரும்புத் தேவைக்காக 1942இல் போடிப் பாதையின் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன; 1950களின் நடுப்பகுதிக்குள் மீண்டும் போடப்பட்டன. இடைப்பட்ட ஆண்டுகளில் அப்பகுதி மக்களைச் சுமந்தது பேருந்து. 1911இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனம் தென்தமிழகத்தில் பேருந்துப் போக்குவரத்தை ஏற்கெனவே வேரூன்றச் செய்திருந்தது. அதன் வண்டிகள் 1972இல் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகமாயின. ரயில் மீண்டு வந்தபோதும், இன்ன நேரத்துக்குத்தான் என்றில்லாமல் அடுத்தடுத்து வரும் பேருந்துக்குப் பழகிய மக்களில் ஒரு பகுதியினர் ரயிலுக்குத் திரும்பவில்லை.

இரண்டாம் முறை நேர்ந்த பிரிவு நீண்டது. அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010இன் இறுதியில் மூடப்பட்ட போடிப் பாதை, தேனி வரை 2022 மே மாதத்திலும், போடி வரை 2023 சூனிலும் திறந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலான காலம். இராமேசுவரப் பாதை 2007இல் அகலமானது. ஆயினும் பழைய பாம்பன் பாலம் தளர்ந்தமையால் 2022 டிசம்பரிலிருந்து, புதிய பாலம் திறந்த 2025 ஏப்ரல்வரை வண்டிகள் மண்டபத்தோடு நின்றன. பாதை இருந்தும் கட்டணம் தடையான காலமும் உண்டு. கொரோனாவுக்குப் பின் சாதாரணப் பயணிகள் வண்டிகள் விரைவு வண்டிகளாகப் பெயர் மாறியபோது, மிகக் குறைந்த கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாக உயர்ந்தது. 2024 பிப்ரவரியில்தான் பழைய நிலை திரும்பியது. இதற்கிடையே 2021 மே முதல் தமிழக அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானதால், குடும்பத்தின் ஒரு நாள் கணக்கில் பேருந்தே மலிவானது.

இன்றைய திட்டமும் பழைய கணக்கும்

நகருக்குள்ளேயே ஓடும் இலகு ரயிலை மதுரை கண்டதில்லை. சாலையோடு ஓடும் டிராம் வண்டி சென்னையில் 1895 முதல் 1953 வரை இயங்கி, நட்டத்தால் நின்றுபோனது. மதுரையில் அத்தகைய முயற்சி வேர்கொள்ளவில்லை. 2019இல் மத்திய அரசு, நெரிசல் குறைந்த நகரங்களுக்கென மெட்ரோலைட் என்னும், குறைந்த செலவில் அமையும் சிறிய ரயில் அமைப்புக்கு வரையறை வகுத்தது. மதுரைக்கோ, திருமங்கலத்திலிருந்து ரயில் நிலையம், கோரிப்பாளையம், மாட்டுத்தாவணி வழியாக ஒத்தக்கடை வரை ஏறத்தாழ 32 கிலோமீட்டர் நீளத்துக்கு, நகர மையத்தில் நிலத்தடியில் செல்லும் முழு மெட்ரோ திட்டம் 2023இல் வகுக்கப்பட்டது. 20 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கே மெட்ரோ என்னும் 2017ஆம் ஆண்டுக் கொள்கையைச் சுட்டி, 2025 நவம்பரில் மத்திய அரசு அதைத் திருப்பி அனுப்பியது. 2011 கணக்கெடுப்பின்படி மதுரை நகர்ப்பகுதியின் மக்கள்தொகை 15 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு.

அத்திட்டத்தின் தெற்குப் பகுதி 1876ஆம் ஆண்டுப் பாதையின் அருகிலேயே செல்கிறது. திருமங்கலத்தையும் திருப்பரங்குன்றத்தையும் ரயில் ஒன்றரை நூற்றாண்டாகவே இணைத்துவருகிறது. ரயில் ஒருபோதும் தொடாதது வடகிழக்கு: தல்லாகுளம், மாட்டுத்தாவணி, யானைமலையின் அடியிலுள்ள ஒத்தக்கடை, அதற்கப்பால் மேலூரும் அழகர்கோயிலும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைக் காண, 1889இல் கட்டப்பட்ட ஆல்பர்ட் விக்டர் பாலத்தைச் சூழத் திரளும் கூட்டத்தில் மேலூர்ப் பக்கத்தார் வண்டியிலும் பேருந்திலும் கால்நடையாகவுமே வந்து சேர்ந்தனர்.

மக்கள்தொகை அளவுகோல் நகரில் இரவு தங்குவோரை எண்ணுகிறது. மதுரையின் ரயில் வரலாறோ, உசிலம்பட்டியிலிருந்தும் மானாமதுரையிலிருந்தும் சோழவந்தானிலிருந்தும் காலையில் வந்து மாலையில் திரும்பியவர்களின் வரலாறு. கணக்கெடுப்பில் அவர்கள் மதுரைக்காரர் அல்லர். மதுரைக்கு எந்த வகை ரயில் வந்தாலும் அதன் பயனை அளக்க, வெளி வீதியில் இறங்கும் இந்தப் பகல் மக்களையும் எண்ணியாக வேண்டும். அவ்வாறு எண்ணினால், நிலையத்திலிருந்து நடக்க வேண்டிய தூரம், இளைப்பாறக் கட்டணமில்லாத நிழல், கடைசி வண்டி புறப்படும் நேரம், குடும்பம் முழுவதற்கும் ஆகும் கட்டணம் ஆகிய நான்கும், பாதையின் நீளத்தைவிட முதன்மையான கேள்விகளாகிவிடும்; 1875இல் தற்செயலாக ஒன்றுகூடிய இந்த நான்கையும் இனித் திட்டமிட்டே சேர்க்க வேண்டியிருக்கிறது.